வன்தட்டு காணப்படவில்லை



பழைய தமிழ்க் கற்பித்தல் மென்பொருள்களைக் குறுவட்டில் வைத்துக்கொண்டு, அவற்றை இயக்க ஒரு கணினி கிடைக்காமல் தவிக்கும் ஆசிரிய நண்பர்கள் இருவர் அண்மையில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர். "எக்ஸ்பியைப் புதுக் கணினியில் போட முடியுமா? போட்டுப் பார்த்தோம். வன்தட்டே இல்லை என்கிறதே!" என்பதுதான் அக்கேள்வி. தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தியன்று அது. 2009ஆம் ஆண்டில் இதே சொற்றொடரோடு நான் ஏறக்குறைய ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆகவே முழுவதையும் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. கணினி நுட்பம் சற்று மிகுதியாக வரும், பொறுத்தருள்க.

அப்போது நான் பேராக் மாநிலத்தில் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் குறைநீக்கல் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வகுப்பு என்றால் தனி அறை என்று எண்ணிவிட வேண்டா. நூலகத்தின் ஒரு மூலையை இரண்டு அலமாரிகளால் மறைத்து, எட்டுப் பிள்ளைகளுக்கு இடம் செய்திருந்தோம். அம்மூலையில் பழைய மேசைக்கணினி ஒன்று இருந்தது. அதற்குள் எங்கள் பள்ளியின் மூத்த தமிழாசிரியர் உருவாக்கிய பயிற்சி நிரல் ஒன்று இருந்தது. பெயரைப் போட்டால் அவர் கடிந்துகொள்வார்; ஐயா என்றே எழுதுகிறேன்.

ஐயாவின் நிரல் மிக எளிமையானது. திரையில் ஒரு படம் தோன்றும். கீழே சொல் தோன்றும். ஐயாவின் குரல் அச்சொல்லை ஒலிக்கும். பிள்ளை ஒலிவாங்கியில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். உடனே ஐயாவின் குரலும் பிள்ளையின் குரலும் அடுத்தடுத்து ஒலிக்கும். மதிப்பெண் கிடையாது, 'தவறு' என்று கத்தும் பொம்மை கிடையாது. பல், பள்ளம், பழம், மலை, மழை, வாலை, வாளை, வாழை என்று லகர ளகர ழகரச் சொற்கள்தாம் பெரும்பாலும். 2002ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில், ஆளில்லா நூலகத்தில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தம் குரலைப் பதிவு செய்திருக்கிறார். தோட்டத்து லாரி போகும் ஓசை சில சொற்களில் கேட்கும். 'மழை' என்னும் சொல்லைப் பதிவு செய்தபோது உண்மையிலேயே மழை பெய்திருக்கிறது. துத்தநாகக் கூரையில் அது கொட்டும் இரைச்சலுக்கு நடுவேதான் அச்சொல் வரும். மறுபடியும் பதிவு செய்யலாமே என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், பொருள் விளங்கும்" என்றாராம்.

அந்த எட்டுப் பேரில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். ஆசிரியர் எவரிடமும் வாய் திறக்க மாட்டான். வினா எழுப்பினால் மேசையைப் பார்ப்பான். ஆனால், காதொலிப்பானை மாட்டிக்கொண்டு அக்கணினியின் முன் அமர்ந்தால் பேசுவான். யாரும் பார்க்கவில்லை என்பது உறுதியானால் மட்டும். நான் அலமாரிக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

2009 மார்ச்சு மாதத்தில் ஒரு பிற்பகல் இடி விழுந்ததில் அம்மேசைக்கணினி கருகிப்போனது. மலேசியாவில் இஃது அரிய செய்தியன்று. தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின்கம்பி வழியாகவும் மின்னல் எத்தனை பள்ளிக் கணினிகளைக் கொண்டுபோயிருக்கிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். நல்லவேளையாக நிரல் குறுவட்டில் இருந்தது. கணினிக் கூடத்திலும் எக்ஸ்பி கணினிகள் இருந்தன. ஆனால் அங்கே ஒரே வேளையில் முப்பது பேர் இருப்பர். எட்டுப் பேர் நடுவிலேயே வாய் திறக்கக் கூசும் பிள்ளையை முப்பது பேர் நடுவில் உட்கார வைத்து 'மழை' சொல்லச் சொல்வதில் பயனில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் நிலைமையைப் புரிந்துகொண்டு, உணவு விழா நடத்திச் சேர்த்த பணத்தில் குறைநீக்கல் வகுப்புக்கென்றே ஒரு மடிக்கணினியை வாங்கித் தந்தனர். பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைப்பவர்கள் கொடுத்த பணம் அது.

மடிக்கணினி விஸ்தா பிசினஸ் இயங்குதளத்தோடு வந்தது. நினைவகம் 1 ஜி.பி.; வன்தட்டு 160 ஜி.பி. விஸ்தாவுக்கு அந்த நினைவகம் போதவில்லை என்பதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐயாவின் நிரல் அதில் ஓடவில்லை. படம் வந்தது, எழுத்து வந்தது, குரலும் வந்தது. பிள்ளையின் குரலைப் பதிவு செய்ய வேண்டிய இடத்தில் மட்டும் நிரல் தானே மூடிக்கொண்டது. ஐயா நான்கு முறை பார்த்தார். "இதற்குப் பழைய வீடுதான் பழக்கம்" என்றார். அவ்வாண்டு இறுதியில் அவர் பணி ஓய்வு பெறுவதாக இருந்தது. நிரலைத் திருத்தி எழுதும் பொறுமை தமக்கு இனி இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆக, விஸ்தாவை நீக்கிவிட்டு எக்ஸ்பியைப் பதிவது என்று முடிவாயிற்று. விஸ்தா பிசினஸ் உரிமத்தை வைத்திருப்பவர்கள் அதற்குப் பதிலாக எக்ஸ்பி புரொஃபஷனலைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மைக்ரோசாப்ட் அப்போது இசைவு அளித்திருந்தது. எனவே உரிமச் சிக்கலும் இல்லை.

பட்டணத்துக் கடை ஒன்றில் அந்த வேலையைக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் அழைத்தார். "வன்தட்டு செத்துவிட்டது. எக்ஸ்பி குறுவட்டைப் போட்டால் வன்தட்டே இல்லை என்கிறது. புதியது மாற்ற வேண்டும்" என்றார். பொருளாளர் பணப்பையைத் திறக்கத் தயாராகிவிட்டார். நான் கடைக்குச் சென்று குறுவட்டை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். விஸ்தா அழகாக எழுந்து வந்தது. "செத்த வன்தட்டிலிருந்து இது எப்படி எழுகிறது?" என்று கேட்டேன். "அது வேறு, இது வேறு" என்றார். மடிக்கணினியைப் பள்ளிக்கே எடுத்துவந்துவிட்டேன். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. திரையில் எழுதியிருந்ததை அவர் நம்பினார். 'இக்கணினியில் வன்தட்டு எதுவும் காணப்படவில்லை' என்றுதான் அங்கே எழுதியிருந்தது. 'எனக்கு அதனோடு பேசத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தால் இத்தனைத் தொல்லை இல்லை.

இங்கேதான் நண்பர்கள் இருவரும் கவனிக்க வேண்டும்.

இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் நடுவே 'இயக்கி' என்றொரு சிறு நிரல் நிற்கிறது. டிரைவர் என்று கடைகளில் சொல்வது இதைத்தான். அந்தக் காலத் தோட்டத்தில் துரைக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் நடுவே கங்காணி நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. கங்காணி வரவில்லையென்றால் எதிரே முந்நூறு பேர் நின்றாலும் துரைக்கு ஆளில்லாத் தோட்டம்தான். எக்ஸ்பி வெளியானது 2001 அக்டோபர் 25ஆம் நாள். அதன் குறுவட்டில் இருந்த இயக்கிகள் ஐ.டி.இ. எனப்படும் பழைய வகை வன்தட்டு இணைப்புக்கு உரியவை. சாட்டா இணைப்பு அதன் பிறகுதான் பரவலாயிற்று. அதை முழுமையாகப் பயன்படுத்தும் ஏ.எச்.சி.ஐ. முறையின் முதல் வரையறை 2004இல் வந்தது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர்ப்பதிவேட்டில் எப்படி இடம் இருக்கும்? 2008இல் வந்த மூன்றாவது சேவைத் தொகுப்பிலும் பொதுவான ஏ.எச்.சி.ஐ. இயக்கியைச் சேர்க்கவில்லை. 2007 சனவரியில் பொதுமக்களுக்கு வந்த விஸ்தாவில்தான் அது உடனிருந்தது. கடைக்காரர் சொன்ன 'அது வேறு, இது வேறு' என்பது ஒரு வகையில் சரிதான்.

இன்னொரு ஐயமும் எழும். வன்தட்டோடு பேசத் தெரியாவிட்டால் குறுவட்டிலிருந்து மட்டும் நிறுவல் நிரல் எப்படித் தொடங்குகிறது? கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும் முதலில் விழிப்பது பயாஸ் என்னும் சிறு நிரல். தாய்ப்பலகையிலேயே குடியிருப்பது. குறுவட்டையும் வன்தட்டையும் படித்துத் தரும் வேலையைத் தொடக்கத்தில் அதுவே செய்கிறது. அதனால்தான் பயாஸ் திரையில் வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் ஒழுங்காகத் தெரியும். நீலத்திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டு, எக்ஸ்பியின் கருநிரல் பொறுப்பை ஏற்கும் நொடியில் பயாஸ் விலகிக்கொள்கிறது. அதற்குமேல் சொந்த இயக்கி வேண்டும். இல்லையென்றால் 'காணப்படவில்லை' என்ற அறிவிப்பு வரும்; சில கணினிகளில் 7பி என்று முடியும் பிழையெண்ணோடு எல்லாம் நின்றுபோகும். இயக்கியை வன்தட்டில் படியெடுத்து வைக்கலாமே என்றால், வன்தட்டைப் படிக்கத்தானே இயக்கி வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை இது.

பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு புதிதன்று. ஆண்டிறுதிக் கூட்டங்களில் குறைநீக்கல் மாணவர் பெயர்கள் வாசிக்கப்படும்போது "அவனுக்கு ஒன்றும் ஏறாது" என்று யாராவது ஒருவர் சொல்வார். அவர் கெட்டவர் அல்லர். திரையில் தெரிவதைப் படிக்கிறார். சரி, வன்தட்டுக்கே திரும்புவோம்.

முதல் வழி பயாஸ் வழி. பல மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புக்குள் சென்று சாட்டா முறையை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்கு மாற்றிவிடலாம். சில பயாஸ்களில் இதற்கு வேறு பெயர் இருக்கும். மாற்றினால், புது வன்தட்டு பழைய வன்தட்டைப் போல நடிக்கத் தொடங்கும். எக்ஸ்பி அதை அடையாளம் கண்டுகொள்ளும். வேகத்தில் சிறிது இழப்பு உண்டு. பள்ளி வேலைக்கு அது தெரியாது. இவ்வழி உங்கள் கணினியில் இருந்தால் இதற்கு மேல் படிக்கவே வேண்டியதில்லை. எங்கள் மடிக்கணினியின் பயாஸில் நாள், நேரம், கடவுச்சொல், தொடக்க வரிசை இவை மட்டுமே இருந்தன. சாட்டா என்ற சொல்லே இல்லை.

இரண்டாம் வழி எஃப்6 வழி. எக்ஸ்பி நிறுவல் தொடங்கியதும் நீலத்திரையின் அடியில், மூன்றாம் தரப்பாரின் ஸ்கசி அல்லது ரெய்டு இயக்கி தேவையென்றால் எஃப்6 விசையை அழுத்துக என்று ஒரு வரி சில நொடிகள் தோன்றி மறையும். ஸ்கசியும் ரெய்டும் பெரிய வழங்கிக் கணினிகளுக்கு உரியவை என்பதால் மடிக்கணினி வைத்திருப்பவர் எவரும் அந்த வரி தமக்கானது என்று நினைக்கமாட்டார். ஆனால் வாசல் அதுதான். உரிய நேரத்தில் அழுத்தினால் இயக்கியைக் கேட்கும். எதில் கேட்கும் தெரியுமா? நெகிழ்வட்டில். 'ஏ' இயக்ககத்தில் வட்டைச் செருகுக என்று கேட்கும். குறுவட்டில் கொடுத்தாலும் கொள்ளாது, விரலியில் கொடுத்தாலும் கொள்ளாது. 1.44 எம்.பி. கொள்ளும் நெகிழ்வட்டு, நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது ஆளுக்கொரு பெட்டி வாங்கி வரச் சொன்ன அதே பொருள். 2009இல் புது மடிக்கணினிகளில் அதைச் செருகும் துளையே இல்லை.

எந்த இயக்கி வேண்டும் என்பதை முதலில் அறிய வேண்டும். விஸ்தா இன்னும் உயிரோடு இருந்தது பெரிய நன்மை. அதன் சாதன மேலாளரில் வட்டுக் கட்டுப்படுத்தியைத் திறந்து, வன்பொருள் அடையாள எண்ணைப் பார்த்தேன். தயாரிப்பாளர் எண் 8086; பொருள் எண் 2929. 8086 என்றால் இன்டெல். 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் எண்ணையே தன் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது. 2929 என்பது ஐ.சி.எச்.9 வரிசையின் மடிக்கணினி வகை, ஏ.எச்.சி.ஐ. முறை. பெயர்கள் குழப்பும், எண்கள் குழப்பா. நண்பர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை இதுவே. பழையதை அழிக்கும் முன் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் அந்த எண்ணோடு, ஒலி, திரை, வலையிணைப்பு ஆகிய மற்றச் சாதனங்களின் எண்களையும் எழுதிக்கொண்டேன். விஸ்தாவை மீட்கும் வட்டுகளையும் உருவாக்கி உறையிலிட்டுத் தலைமையாசிரியர் அலமாரியில் வைத்தேன்.

இன்டெல் தளத்தில் நெகிழ்வட்டுக்கென்றே சிறு தொகுப்பு ஒன்று கிடைத்தது. பொருட்கிடங்கில் கிடந்த பழைய கணினியின் நெகிழ்வட்டு இயக்ககம் இன்னும் வேலை செய்தது. அதைக் கொண்டு வட்டைத் தயார் செய்தேன். இனி மடிக்கணினியில் செருகக்கூடிய யு.எஸ்.பி. நெகிழ்வட்டு இயக்ககம் வேண்டும். ஈப்போவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். இளைஞர் ஒருவர் அப்படி ஒரு பொருள் இருப்பதையே நம்பவில்லை. கடைசியில் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குச் சென்ற உறவினர் வழியாக ஒன்று கைக்கு வந்தது.

எஃப்6 அழுத்தினேன். வட்டைப் படித்தது. இயக்கிகளின் பட்டியல் வந்தது. எங்கள் எண்ணுக்குரியதைத் தேர்ந்தெடுத்தேன். வன்தட்டு தெரிந்தது! நூலகத்தில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் ஒலியெழுப்பியிருக்கிறேன். ஆனால், கோப்புகளைப் படியெடுக்கும் கட்டத்தில் அதே நெகிழ்வட்டை மறுபடியும் கேட்டது. வட்டு உள்ளேதான் இருந்தது. எத்தனை முறை அழுத்தினாலும் 'வட்டைச் செருகுக' என்றே சொன்னது. காரணம் பின்னர் விளங்கியது. முதல் தடவை நெகிழ்வட்டைப் படித்துக் கொடுத்தது பயாஸ். இரண்டாம் தடவை எக்ஸ்பி தன் சொந்த யு.எஸ்.பி. இயக்கியால் படிக்க முயல்கிறது. யு.எஸ்.பி. நெகிழ்வட்டு இயக்ககங்களில் குறிப்பிட்ட சில வகைகளை மட்டுமே நிறுவல் நிரலுக்கு அடையாளம் தெரியும். எங்களுடையது அப்பட்டியலில் இல்லை. வன்தட்டைக் காணவில்லை என்பது போய், இப்போது நெகிழ்வட்டைக் காணவில்லை!

மே மாதம் பிறந்துவிட்டது. அந்த மாணவன் வகுப்புக்கு வருவதும் மேசையைப் பார்ப்பதுமாக இருந்தான். ஐயா தாமே அவன் பக்கத்தில் அமர்ந்து அதே சொற்களைச் சொல்லிப் பார்த்தார். அதே குரல்தான், ஆனால், ஆள் பக்கத்தில் இருந்ததால் அவன் பேசவில்லை.

மூன்றாம் வழி, குறுவட்டையே திருத்திச் செய்வது. என்லைட் என்று ஓர் இலவச மென்பொருள் இருந்தது. எக்ஸ்பி குறுவட்டிலுள்ள அனைத்தையும் ஒரு கோப்புறையில் படியெடுத்து, அதனுள் சேவைத் தொகுப்பையும் இயக்கிகளையும் நுழைத்து, புதிய குறுவட்டாக எழுதித் தரும். கணினிக் கூடத்து எக்ஸ்பி கணினி ஒன்றில் அதை அமைத்தேன். இயக்கியைச் சேர்க்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும். இது சாதாரண இயக்கியா, எழுத்துமுறைக் கட்டத்து இயக்கியா? நீலத்திரையில் எழுத்து மட்டும் தெரியும் அந்த முதற்கட்டத்திலேயே வேண்டிய இயக்கி என்பதால், இரண்டாவதைத் தெரிவு செய்ய வேண்டும். பிறகு நீண்ட பட்டியல் வரும். நிறையத் தேர்ந்தெடுத்தால் நல்லது என்று தோன்றும், தேவையில்லை. தாளில் எழுதிய எண்ணுக்குரிய ஒன்று போதும். மூன்றாவது சேவைத் தொகுப்பையும் சேர்த்து, ஒரு குறுவட்டில் எழுதி முடித்தேன்.

மறுநாள் மாலை, பிள்ளைகள் சென்றபின், ஐயாவும் நானும் அமர்ந்தோம். எஃப்6 தோன்றி மறைந்தது, நான் தொடவில்லை. நீலத்திரை. உரிம உடன்பாடு. அதற்கடுத்த திரையில் ஏறத்தாழ 152,600 எம்.பி. கொள்ளளவோடு வன்தட்டு வரிசையாகப் பிரிவுகளைக் காட்டிக்கொண்டு நின்றது. (160 ஜி.பி. என்று வாங்கியது குறைந்துவிட்டதா என்று ஐயா கேட்டார். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1,024ஆல் வகுக்கிறது. காணாமல் எதுவும் போகவில்லை.) பிரிவுகளை நீக்கினோம், புதியதை உருவாக்கினோம். இரவு எட்டரைக்கு எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரையில் விரிந்தது.

வேலை முடிந்ததா என்றால் இல்லை. திரை கலங்கலாக இருந்தது, ஒலி இல்லை, வலையிணைப்பு இல்லை. சாதன மேலாளரில் மஞ்சள் வினாக்குறிகள். வலையிணைப்பு இயக்கியைப் பதிவிறக்க வலையிணைப்பு வேண்டும் என்ற பழைய விளையாட்டுதான். ஆனால், இப்போது வன்தட்டும் விரலியும் பேசுகின்றன; வேறு கணினியில் இறக்கி எடுத்துவந்தால் போதும். ஒலி இயக்கிதான் எங்களுக்கு உயிர். அதைப் பதிந்து, ஒலிவாங்கியைச் சரிபார்த்து, ஐயாவின் குறுவட்டைப் போட்டோம். அவருடைய எழுத்துகள் திஸ்கி குறியேற்றத்தில் அமைந்தவை. எழுத்துருவை உரிய கோப்புறையில் இட்டதும் எல்லாம் ஒழுங்காயிற்று. ஐயா தம் பழைய குரலைக் கேட்டுவிட்டு, "அப்போது பல் எல்லாம் இருந்தது" என்றார்.

அந்த மாணவன் திங்கட்கிழமை வந்தான். காதொலிப்பானை மாட்டினான். நானும் ஐயாவும் அலமாரிக்குப் பின்னால். பல், பள்ளம், பழம் என்று வரிசையாகச் சென்றான். 'மழை' வந்தது. சொன்னான், கேட்டான். மறுபடியும் சொன்னான், மறுபடியும் கேட்டான். நான்கைந்து முறை. பிறகு காதொலிப்பானைக் கழற்றிவிட்டு எழுந்து, அலமாரியைச் சுற்றி நேராக ஐயாவிடம் வந்தான். நாங்கள் அங்கே நிற்பது அவனுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

"ஐயா, ஒங்க மழையில மட்டும் மழ பெய்யுது. என்னோடதுல பெய்யல" என்றான்.

அவன் ஓர் ஆசிரியரிடம் பேசி நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. ஐயா மிகவும் கருத்தூன்றி, "மழை பெய்யும்போது வா, பதிவு செய்வோம்" என்றார். சூன் விடுமுறைக்குப் பின் ஒரு நாள் நல்ல மழை. செய்தார்கள்.

அந்த மடிக்கணினியை இணையத்தில் இணைப்பதை நான் சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டேன். 2014 ஏப்பிரல் 8ஆம் நாளோடு எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. நண்பர்களும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். எக்ஸ்பி ஓடும் கணினிக்கு வலையிணைப்பு வேண்டா. கோப்புகளை விரலியில் எடுத்துச் செல்லும் முன் வேறு கணினியில் சோதித்துவிடுங்கள்.

இன்றைய புதுக் கணினியில் எக்ஸ்பியை நேரடியாகப் பதிவது பற்றி நண்பர்கள் கேட்டதற்கு என் விடை, வேண்டா என்பதே. 2009இல் எனக்கு வன்தட்டு ஒன்றுதான் தடையாக இருந்தது. இப்போது வன்தட்டின் இடத்தில் என்.வி.எம்.இ. சேமிப்பகம் வந்துவிட்டது. அதன் முதல் வரையறையே 2011இல்தான் வந்தது. 2009 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 7 கூடத் திருத்தம் சேர்க்காமல் அதைக் காணாது. அந்த விண்டோஸ் 7 நிறுவல் வட்டுக்கு யு.எஸ்.பி. 3.0 துளையும் தெரியாது; பின்னாளில் வந்த சில கணினிகளில் நிறுவல் நடுவே சுட்டியும் விசைப்பலகையும் செயலிழந்து நிற்கும். எக்ஸ்பியின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. மாறாக, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளால் கணினிக்குள் ஒரு கணினியை உருவாக்குங்கள். எக்ஸ்பிக்கென்று உருவாக்கும்போது அது இயல்பாகவே பழைய ஐ.டி.இ. கட்டுப்படுத்தியைக் காட்டும். எக்ஸ்பி தனக்குத் தெரிந்த பழைய முகத்தைக் கண்டு மகிழ்ந்து, எஃப்6 எதுவும் இன்றி அமர்ந்துகொள்ளும். 1990களின் தமிழ்க் குறுவட்டுகள் சிலவற்றின் நிறுவல் நிரல் 16 பிட்டில் அமைந்தது. 64 பிட் விண்டோஸில் அது தொடங்கவே தொடங்காது. அவற்றுக்கும் இந்த உள்கணினி பொருந்தும். ஒலிவாங்கி வேண்டுமானால் ஒலி அமைப்பில் உள்ளீட்டை இயக்கிவிட மறவாதீர். 2009இல் நானும் இதைச் செய்திருக்கலாமே என்பீர்கள். 1 ஜி.பி. நினைவகத்தில் விஸ்தாவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் தோளில் இன்னொன்றை ஏற்றுவது எப்படி?

புதியன எல்லாம் இச்சிக்கலைத் தாண்டிவிட்டன என்றும் நினைத்துவிட வேண்டா. 2023இல் இப்போதைய பள்ளிக்குப் புது மடிக்கணினி ஒன்று வந்தது. இளைய ஆசிரியர் ஒருவர் விண்டோஸ் 11ஐ விரலியிலிருந்து புதிதாகப் பதிய முற்பட்டார். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பட்டியல் வெறுமையாக இருந்தது. "டீச்சர், இதுல ஹார்ட்டிஸ்க் போயிடுச்சு. கடைக்குத் திருப்பி அனுப்பிடலாம்" என்றார். இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலிகள் 2020இல் வந்த பிறகு, பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்னும் அடுக்கின் பின்னால் சேமிப்பகம் நிற்கிறது. அதற்குரிய இயக்கி நிறுவல் விரலியில் இல்லை. இன்டெல் தளத்திலிருந்து இறக்கி, அதே விரலியில் வைத்து, 'இயக்கியை ஏற்றுக' என்னும் பொத்தானை அழுத்தினோம். அவ்வளவுதான். இப்போது நெகிழ்வட்டு கேட்பதில்லை என்பது ஒன்றே நாகரிகம். அந்த ஆசிரியருக்கு நெகிழ்வட்டு என்றால் என்னவென்று சேமிப்புப் பொத்தானின் படத்தைக் காட்டித்தான் விளக்க வேண்டியிருந்தது.

ஐயாவின் ஒலிக்கோப்புகளை நான் தனியே எடுத்து மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். சொற்பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றியாயிற்று. அந்த மடிக்கணினியைக் கழித்துக்கட்டும் ஆண்டில் உரிய தாள்களில் கையொப்பம் பெற்று நானே வைத்துக்கொண்டேன். மின்கலம் எப்போதோ போய்விட்டது; மின்கம்பியைச் செருகினால் இன்றும் எழுகிறது. இரண்டு பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து அதில் பயில்கின்றனர். தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலமும் தீர்ந்துபோனதால் நாளை மட்டும் அதனால் நினைவில் வைத்திருக்க முடிவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் 2008 சனவரி 1 என்கிறது. திருத்திவிட்டுத் தொடங்குகிறோம்.